பாடத்திட்டம் பார்ப்பதற்கு முன்னால், சொல்லித்தரப்போகும் ஆளைப் பாருங்கள்

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று தெரிந்து எங்களிடம் பேச வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த சிலபஸ் நல்லதுங்க?" என்பதுதான். நான் திருப்பிச் சிலவற்றைக் கேட்பேன். காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பிள்ளையோடு உட்காரப்போவது யார்? அவருக்கு எந்த மொழியில் பேச்சு தடையில்லாமல் வரும்? எந்தப் பாடத்தை எடுத்தால் அவர் முகம் மலரும், எதை எடுத்தால் அலுத்துக்கொள்வார்? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் வாங்குகிற பாடத்திட்டம் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் ஆடி மாதத்தைத் தாண்டுவதில்லை. குழந்தைக்கு ஏற்றதாகப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் தினமும் புத்தகத்தைத் திறக்க வேண்டியவர் ஒரு பெரியவர். அவருக்கு ஒத்துவராவிட்டால் அது குழந்தை கைக்குப் போய்ச் சேரவே சேராது.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் கோவை. கணவர் சிறிய லேத் பட்டறை வைத்து, பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிறார். நான் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, அப்புறம் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாமனார் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிப்பது அவர் வழக்கம். பெரியவன் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டு அதிலேயே பன்னிரண்டாவது படிக்கிறான். சின்னவளுக்குப் பதினொரு வயது. இந்த நான்கு பெரியவர்களும், அத்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எந்த நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்பதை வைத்துத்தான் எங்கள் பாடத்திட்டம் உருவானது.

முதலில் பார்க்க வேண்டியது கடைசியில் வருவதை. பிள்ளை எந்தத் தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்கப் போகிறது? இது தெளிவாகிவிட்டால் இடையில் உள்ள வருடங்களில் பயம் குறையும்.

சட்டத்தைப் பற்றிய கேள்வி இங்கேயே வரும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்விக்கென்று தனியான அனுமதியோ பதிவோ கூட அதில் இல்லை. அதனால் நாம்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் பிள்ளை செய்த வேலைகளை ஒரு ஃபைலில் போட்டு வைக்கிறோம். யாரும் இதுவரை கேட்டதில்லை. இருந்தாலும் எங்களுக்கே அது தேவைப்படுகிறது.

தேர்வு என்று பார்த்தால் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, என்ஐஓஎஸ் என்று எல்லோரும் சொல்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கியது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், இந்தப் படிப்பைப் படிக்கும் அளவுக்குத் தயாராக இருக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். இரண்டாவது, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. 12½ வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாகத் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறியவர்கள் பிறகு பத்தாவதையும் அப்படியே எழுதலாம். பத்தாவதுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து வகுப்புக்குப் போய்வர வேண்டும். மூன்றாவது, நம் பத்தாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ போன்ற வெளிநாட்டுத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது. இதற்குத் தனித்தேர்வர்களைச் சேர்த்துக்கொள்ளும் மையம் கிடைக்க வேண்டும். கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனித்தனி, ஒவ்வொன்றும் பல ஆயிரம். சிபிஎஸ்இ எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது, அதன் கீழ் உள்ள பள்ளியில் சேர்ந்துதான் ஆக வேண்டும். சிபிஎஸ்இ புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டுத் தேர்வை மட்டும் போய் எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பிள்ளைக்கு ஏழு எட்டு வயதுதான் என்றால் இதில் எதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. வழிகள் இருக்கின்றன என்று தெரிந்தால் போதும். பதினொரு பன்னிரண்டு வயது வரை எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இந்த மூன்று தேர்வில் எதற்கும் போய்ச் சேரலாம். இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல், ஐந்து வயதுப் பிள்ளைக்கு வெளிநாட்டுத் தேர்வுக்குத் தோதான சிலபஸ் தேடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, முறைகள். மாண்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன், அன்ஸ்கூலிங் என்று பெயர்கள் வந்து குவியும். ஒவ்வொன்றும் குழந்தையைப் பற்றி என்ன சொல்கிறது என்று நிறையப் பேர் விளக்குகிறார்கள். நான் பார்ப்பது, அது பெரியவரிடம் என்ன கேட்கிறது என்று.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நம் ஊரோடு அவ்வளவு உறவுள்ள முறை அது. அது கேட்பது, இடமும் ஒழுங்கும். பொருள்கள் தாழ்வான அலமாரியில் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், பெரியவர் குறுக்கே பேசாமல் கவனிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் தையல் மெஷினும் கட்டிலும் போக மிஞ்சிய இடத்தில் அதை முழுதாகக் கொண்டுவருவது கடினம். ஆனால் உப்புத்தாளில் தமிழ் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி விரலால் தடவ வைக்க எந்த வீட்டிலும் முடியும். நாங்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வால்டார்ஃப் 1919இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துச் சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. கதையை மனதிலிருந்து சொல்லவும், பாடவும், பிள்ளையோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டவும் பிடித்தவருக்கு அது சொர்க்கம். ஏழு வயது வரை முறையாக வாசிக்கக் கற்றுத்தராமல் பொறுமையாக இருக்கவும் தெரிய வேண்டும். சுற்றியிருக்கும் உறவுகளின் கேள்விகளைத் தாங்கும் மனது இல்லாதவர்களுக்கு அந்தப் பொறுமை வராது.

சார்லட் மேசன் இங்கிலாந்துக்காரர், 1923இல் மறைந்தவர். சின்னச் சின்னப் பாடம், நல்ல நடையில் எழுதிய புத்தகம், ஒருமுறை வாசித்ததைக் குழந்தை தன் வாயால் திருப்பிச் சொல்வது, வெளியே போய்ப் பார்த்ததை நோட்டில் வரைவது. இது கேட்பதெல்லாம் நிறையப் புத்தகமும், சத்தமாக வாசிக்க ஒரு குரலும். எங்கள் வீட்டில் அந்தக் குரல் மாமனாருடையது. அதனால் திருப்பிச் சொல்லும் பழக்கம் எங்களிடம் தானாகவே ஒட்டிக்கொண்டது. தாத்தா செய்தித்தாளில் ஒரு செய்தியை வாசிப்பார். "இப்ப நீ சொல்லு சாமி, என்ன ஆச்சு?" என்பார். சின்னவள் நடந்ததை வரிசை மாற்றிச் சொன்னால், "அப்ப லாரி முதல்ல வந்துச்சா, மழை முதல்ல வந்துச்சா?" என்று கேட்பார். இதைவிட நல்ல மொழிப்பாடத்தை எந்தப் பெட்டியிலும் நான் பார்க்கவில்லை.

அன்ஸ்கூலிங், அமெரிக்கர் ஜான் ஹோல்ட் 1970களில் பேசத் தொடங்கியது. பிள்ளை எதைக் கேட்கிறதோ அதிலிருந்து போவது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பெரியவரின் நேரத்தைக் கேட்பது இதுதான். பிள்ளை கேட்கிற நேரத்தில் கூட இருக்க வேண்டும், கேட்டது கிடைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். மதியம் ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய எனக்கு அது சரிப்படவில்லை. இரண்டு பேரும் வீட்டில் இருந்தே வேலை செய்யும் ஒரு குடும்பம் அதை அழகாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவனுக்கு ஏழு வயது இருக்கும்போது, வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த ஒரு தோழி ஒரு பெட்டி நிறைய அமெரிக்கப் பாடத்திட்டத்தை எங்களுக்குக் கொடுத்தாள். வருடம் முழுவதுக்கும், தினமும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மா என்ன கேட்க வேண்டும், பிள்ளை என்ன சொன்னால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது வரை அச்சடித்திருந்தார்கள். உழைத்துச் செய்த நல்ல வேலை. ஆனால் கணக்கில் டைம், குவார்ட்டர் என்று அவர்கள் ஊர்க் காசு. நீளத்துக்கு அங்குலமும் அடியும், அளவைக்கு பைண்ட்டும் கேலனும். இலைகள் நிறம் மாறும் மாதத்தைப் பற்றிய பாடம் வந்தபோது எங்கள் வாசலில் வேப்பமரம் பச்சையாக நின்றது. இதையெல்லாம்கூட மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது ஒன்று இருந்தது. அந்த அச்சிட்ட வாக்கியங்களை நான் ஆங்கிலத்தில் வாசிக்கும்போது பையன் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். தமிழில் ஆயிரம் கேள்வி கேட்கிறவன், ஆம், இல்லை என்பதோடு முடித்துக்கொண்டான். பேசுவது அவன் அம்மாவாக இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. பெட்டியில் இருந்த கதைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மீதியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தோம். அங்கே அந்த அம்மா ஆங்கிலத்தில்தான் பிள்ளையோடு பேசுவார், அவர்களுக்கு அது நன்றாகவே ஓடியது.

அதற்கப்புறம் பாடவாரியாகப் பிரித்தோம். ஒரே இடத்திலிருந்து எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழுக்கு மாமனார், கையில் சமச்சீர்ப் புத்தகம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன, 2018 முதல் புதிதாக எழுதி வெளியிட்டவை பார்க்கவும் நன்றாக இருக்கின்றன. எழுத்து ஆரம்பிக்கும்போது மட்டும் அ, ஆ என்று போகாமல் ட, ப, ம, ய என்று கோடு கோடாக எழுத வரும் எழுத்துகளில் தொடங்கினோம். கை பழகிய பிறகு அ, இ எல்லாம் சுலபமாக வந்தது. ஆங்கிலத்துக்கு இருமொழிக் கதைப் புத்தகங்கள். சென்னை தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசம். இலக்கணப் பயிற்சி பத்து வயதுக்கு மேல்தான் எடுத்தோம்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பாடத்திட்டம் தடுமாறுவது அங்கேதான். சின்ன வயதில் நூறு மணி கோத்த மாலை ஒன்று செய்தோம். பத்து சிவப்பு, பத்து வெள்ளை, மறுபடி பத்து சிவப்பு. சன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினோம். 28உடன் 15ஐக் கூட்டச் சொன்னால் சின்னவள் 28ஆம் மணியில் கிளிப்பை மாட்டி, இரண்டு மணி நகர்ந்து முப்பதுக்குப் போய், அங்கிருந்து பத்து தாவி, அப்புறம் மூன்று போவாள். அவள் விரல் நகரும்போதே மனக்கணக்கு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். முதலில் பொருள், அப்புறம் படம், கடைசியில் எண் என்ற இந்த வரிசையில்தான் சிங்கப்பூர்க் கணக்குப் புத்தகங்கள் போகின்றன. எண்களை நீளக் கட்டங்களாக வரைந்து காட்டும் அவற்றின் கட்டப்படங்களை வார்த்தைக் கணக்குகளுக்கு எடுத்துக்கொண்டோம். பயிற்சிக்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்கள். விலை குறைவு, நம் ஊர்ச் சந்தையும் ரூபாயும் உள்ளே இருக்கின்றன.

தசம எண் மட்டும் பட்டறையில் நடந்தது. பெரியவன் 0.46, 0.5 இரண்டில் 0.46தான் பெரியது என்று சொல்லிக்கொண்டிருந்தான். 46 பெரியது, 5 சின்னது, அவ்வளவுதான் அவன் கணக்கு. இந்தக் குழப்பம் இல்லாத பிள்ளைகள் குறைவு. புத்தகத்தில் இருந்த விளக்கத்தை நான் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினான், அடுத்த நாள் மறுபடி அதையே சொன்னான். ஒரு சனிக்கிழமை அவன் அப்பா மில்லிமீட்டருக்கும் குறைவான அளவைக் காட்டும் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்துக் கடைந்து முடித்த ஒரு ஷாஃப்ட்டை அளக்கச் சொன்னார். பெரிய அளவுகோலில் 24 மில்லிமீட்டர் தாண்டியிருந்தது. சின்ன அளவுகோலில் ஐம்பது பிரிவுகள், ஒவ்வொன்றும் 0.02. "எத்தனையாவது கோடு மேல இருக்கிற கோட்டோட ஒட்டுது, பாரு சாமி." இருபத்து மூன்றாவது. இருபத்து மூன்று பெருக்கல் 0.02, அப்படியென்றால் 0.46. மொத்தம் 24.46. "அரை மில்லிமீட்டர்னா எந்தக் கோடு ஒட்டியிருக்கும்?" பையன் எண்ணிப் பார்த்து இருபத்தைந்து என்றான். தாடையை அந்த அளவுக்கு நகர்த்திப் பார்த்தான். நகர்த்த வேண்டியிருந்தது, இன்னும் அகலமாகத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்தக் குழப்பம் வரவில்லை. ஒரு அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்பதும், சதவீதமும், டாலரன்ஸ் என்று பட்டறையில் சொல்கிற ப்ளஸ் மைனஸ் விலகலும் அங்கேயே வந்து சேர்ந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாடத்திட்டத்தில் இந்த மாதிரிச் சனிக்கிழமைக்கு இடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இத்தனைப் பக்கம் என்று இறுக்கமாக அடுக்கியிருந்தால், பட்டறையில் கழித்த பாதி நாள் பின்தங்கிய நாளாகிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு பாடத்திட்டத்தைப் புரட்டும்போது, ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கல்யாணம், காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் உள்ள குடும்பங்கள் நாம். வாரத்துக்கு நான்கு நாள் பாடம் போட்டு, வருடத்துக்கு முப்பது வாரத்தில் முடியக்கூடியதாக இருந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க நான் சொல்லும் வழி எளியது. முதல் பாடத்தைப் பார்க்காதீர்கள், எல்லாருடைய முதல் பாடமும் அழகாகத்தான் இருக்கும். நடுவில் இருந்து ஒன்றை எடுங்கள். வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் அல்ல, தண்ணீர் லாரி வரும் நாளில், நீங்கள் சரியாகத் தூங்காத நாளில் அதைப் பிள்ளையோடு நடத்திப் பாருங்கள். தயார் செய்யவே உங்களுக்கு அரை மணிக்கு மேல் ஆனால் அது உங்களுக்கானது இல்லை. நடத்தும்போது யார் அதிகம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். புத்தகத்துக்காக நீங்களே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. முடிந்த பிறகு அடுத்த பாடத்தை நீங்களாகவே புரட்டிப் பார்க்கிறீர்களா என்றும் பாருங்கள். எனக்கு இதுதான் மிகச் சரியான அடையாளமாகப் படுகிறது.

ஒன்றைப் பாதியில் விடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக விடலாம். ஆனால் பின்னமும் வகுத்தலும் வரும் இடத்தில் எந்தப் புத்தகமும் கடினமாகத்தான் இருக்கும். அங்கே பிள்ளை அழுதால் புத்தகத்தை மாற்றுவதில் பயனில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும். புதுப்புதுப் பாடத்திட்டமாக மாற்றிக்கொண்டே இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் எல்லாவற்றின் தொடக்கத்தையும் மட்டும் படித்து வளர்கிறார்கள். ஒரு பாடம் எந்த அத்தியாயமானாலும், எந்த வேகமானாலும் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை என்றால்தான் மாற்றச் சொல்வேன்.

உறவுகளுக்காகப் பாடத்திட்டம் எடுப்பதும் உண்டு. விசேஷ வீட்டில் யாராவது பெரியம்மா, "ஏங்கண்ணு, பள்ளிக்கூடம் போறதில்லையாமா? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பார்க்கலாம்" என்று பந்தியிலேயே தேர்வு வைப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கனமான ஒர்க்புக்குகளை வாங்கி அடுக்கிய பெற்றோர் எனக்குத் தெரியும். என் அத்தை இதற்கு ஒரு வழி செய்தார். உறவினர்கள் வரும்போது பிள்ளைகள் வரைந்த பறவை நோட்டை எடுத்துக் காட்டுவார். சிங்காநல்லூர் குளத்தில் பார்த்த நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். பேச்சு அங்கே திரும்பிவிடும். சமச்சீர்ப் புத்தகம் வீட்டில் இருப்பதும் இந்த வகையில் உதவி. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது, நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அளந்துகொள்ள அது போதும். வருடத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் அதைப் புரட்டி, விட்டுப்போனதைக் குறித்துக்கொள்வேன்.

பதிமூன்று வயதானதும் பெரியவனுக்கு என்ஐஓஎஸ் என்று முடிவானது. காரணம் மூன்று. குறைந்தது ஐந்து பாடம் எடுத்தால் போதும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு நடக்கிறது. நாங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஓவியம் எடுத்தோம். கணிதத்தைத் தனியாக ஒரு பருவத்தில் எழுதியது அவனுக்குப் பெரிய நிம்மதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணிதம் இல்லாமலும் பத்தாவது முடிக்கலாம் என்பதால் பிடிக்காத பிள்ளைகளுக்கு அதை விட்டுவிடத் தோன்றும். பாலிடெக்னிக், ஐடிஐயின் பல தொழிற்பிரிவுகள், பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எல்லாம் பெரும்பாலும் பத்தாவதில் கணிதமும் அறிவியலும் கேட்கும். எங்கே சேரப் போகிறீர்களோ அந்தப் பள்ளியிலோ கல்லூரியிலோ போய், இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா, எந்தப் பாடங்கள் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பாடம் தேர்ந்தெடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று, டிஎம்ஏ என்கிற ஒப்படைப்புகள். மதிப்பெண்ணில் இருபது சதவீதம் அதற்கு. வீட்டிலேயே எழுதுவதுதான், ஆனால் கடைசித் தேதி உண்டு. எங்களுக்குக் கிடைத்த படிப்பு மையம் செய்முறைத் தேர்வுத் தேதியை முந்தைய நாள் மாலைதான் சொன்னது. அதிலிருந்து நானே வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து கேட்கும் பழக்கம் வைத்துக்கொண்டேன். அந்த மையத்தில் நம்மைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள், நம் பிள்ளையை யாரும் தேடி வந்து சொல்லப்போவதில்லை. என்ஐஓஎஸ் பாடநூல்களையும் பதிமூன்று வயதிலேயே இறக்கி வாசிக்கத் தொடங்குவது நல்லது. தானாகப் படிப்பவருக்காக எழுதியவை என்பதால் ஒவ்வொரு பகுதி முடிவிலும் கேள்வியும், பாடத்தின் கடைசியில் விடையும் இருக்கும். பையன் தனியாக உட்கார்ந்து படிக்கப் பழகியது அந்தப் புத்தகங்களில்தான். அந்த வயதில் பாடத்திட்டம் பெரியவரின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறத் தொடங்க வேண்டும். மாறாவிட்டால் பத்தாம் வகுப்பை நாம்தான் எழுத வேண்டி வரும்.

சின்னவள் வேறு மாதிரி. அண்ணனுக்குப் பட்டறை பிடித்தது, இவளுக்குக் கட்டம் போட்ட ஒர்க்புக்கை முடித்து டிக் போடுவதில் அவ்வளவு சந்தோஷம். இன்று இதிலிருந்து இது வரை என்று தெரிந்தால்தான் உட்காருவாள். அதனால் ஒரே வீட்டில் இரண்டு பாடத்திட்டம் ஓடுகிறது. அறிவியல், சமூக அறிவியல் இரண்டையும் மட்டும் சேர்த்தே வைத்துக்கொண்டோம், ஒரே தலைப்பை அவரவர் அளவில் படிப்பார்கள். இல்லையென்றால் என் காலை நேரம் போதாது. சமூக அறிவியலை அவளுக்குச் சொல்லித்தருவது இப்போது அண்ணன்தான், அவனாகவே கேட்டு எடுத்துக்கொண்டான்.

அவளுக்குத் தேர்வு என்றால் ஆர்வம். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதிப் பார்க்கிறேன் என்கிறாள். பத்தாவதுக்கு எந்த வழி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் இரண்டு பக்கமும் போகலாம். ஏழாம், எட்டாம் வகுப்புச் சமச்சீர்ப் புத்தகங்களை இறக்கி அச்செடுத்து வைத்திருக்கிறோம். ஜூனிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் அவற்றுக்கு. தேர்வு அறிவிப்பு வரும்போது அவளுக்கு 12½ வயது நிரம்பியிருந்தால் விண்ணப்பிப்போம், இல்லையென்றால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ளட்டும்.